எக்ஸ்சேஞ்சுக்கு அபிப்பிராயம் கிடையாது

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. ஓர் அறிவியல் மாத இதழ் என்னிடம் கேட்டது கட்டுரை. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'கணினி வலையமைப்பின் அடுக்குகளும் நெறிமுறைகளும்: ஓர் எளிய அறிமுகம்.' நான்கு பக்கம், ஒரு படம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும். உதாரணத்தை நம் ஊர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் நல்லது என்று ஆசிரியர் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். எல்லாம் அந்த ஒரு வரியால் வந்தது.

உதாரணத்துக்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வைத்தேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் ஆள் வேண்டுமே என்று ஓர் ஆபரேட்டரை வைத்தேன். ஆபரேட்டரைப் பெயர் இல்லாமல் உட்கார வைப்பது மரியாதை இல்லை என்று கஸ்தூரி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததுதான் தாமதம், அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "லைன் எப்பிடி போவுது, கம்பி எப்பிடி போவுதுன்னு எழுதறீங்க. எனக்கு இன்னா பேஜாருன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள். கேட்டேன். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

இன்னொருவரையும் இப்போதே அறிமுகப்படுத்திவிடுகிறேன். நான் எழுதுவதைச் சரிபார்க்க இதழ் ஒரு பொறியாளரை நியமித்திருந்தது. பெயர் முனிரத்தினம். பக்கத்து ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுகிறவர். நல்ல மனிதர், ஆனால் விடமாட்டார். அவர் குறிப்புகளை அழிக்காமல் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.

2

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய உத்திரமேரூரில்...

வேண்டாம். உத்திரமேரூர் என்று எழுதினாலே பேனா தானாகக் குடத்துக்குள் போய் விழுந்துவிடுகிறது.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்த ஒரு...

மழை அப்புறம் தேவைப்படும். இப்போதே கொட்டித் தீர்த்துவிடக் கூடாது.

கணினி வலையமைப்பு என்பது ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட கருவிகளின்...

எனக்கே கொட்டாவி வருகிறது.

2 (மீண்டும்)

[முதல் தடவை அனுப்பிய 2 வழியில் சேதமாகிவிட்டது. இந்த மாதிரி சமயத்தில் ஒரு வலையமைப்பு கோபித்துக்கொள்ளாது, மனம் உடையாது. அதையே மறுபடி அனுப்பும். நானும் அனுப்புகிறேன்.]

வருஷம் 1982. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் திருப்புலிவனம் தாண்டினால் பவளந்தாங்கல் வரும். நீங்கள் பஸ் ஏறிப் போனால் வராது. அப்படி ஓர் ஊர் கிடையாது. அங்கே அரசாங்கம் எக்ஸ்சேஞ்ச் எதுவும் திறக்கவில்லை. நான்தான் திறக்கிறேன். ரிப்பன் வெட்ட யாரையும் கூப்பிடவில்லை.

ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறை. சுவரோரம் ஆளுயரப் பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு துளை என்பது ஊரில் ஒரு டெலிபோன். ரைஸ்மில், டாக்டர், பள்ளிக்கூடம், அஹமது பாட்சாவின் கடை. யாராவது டெலிபோனின் கைப்பிடியைச் சுழற்றினால் அவர் துளைக்கு மேலே ஒரு சின்ன ஷட்டர் 'டக்' என்று விழும். கஸ்தூரி கம்பியின் முனையை அந்தத் துளையில் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். வெளியூர் பேச்சு, அதாவது டிரங்க் கால் என்றால் அவள் காஞ்சிபுரத்தைக் கூப்பிடுவாள், காஞ்சிபுரம் மெட்ராஸைக் கூப்பிடும், மெட்ராஸ் அந்த ஊரைக் கூப்பிடும்.

இப்போது அடுக்குகளைப் பார்த்துவிடலாம், கட்டுரைக்கு நான் பட்ட கடன் அது. கம்பத்தில் ஓடும் கம்பிக்கு மின்சாரம் மட்டும்தான் தெரியும். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு என்பது மட்டும்தான் கஸ்தூரிக்குத் தெரிய வேண்டும். மெட்ராஸ் லைன் பிஸியாக இருந்தால் வேலூர் வழியாகத் திருப்பிவிடலாமா என்பது காஞ்சிபுரத்து ஆபரேட்டரின் கவலை. அதற்கெல்லாம் மேலே, உச்சாணியில், இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்களே, விஷயம், அது அவர்கள் சமாச்சாரம். கீழ் அடுக்கு மேல் அடுக்கைச் சுமக்கும். மேலே என்ன பேச்சு என்று எட்டிப் பார்க்காது. பட்டுப்புடவையை மடித்துக் காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கோணி தைத்து விலாசம் எழுதி பஸ்ஸில் ஏற்றுகிறோம். கண்டக்டர் விலாசத்தைப் படித்தால் போதும். உள்ளே என்ன பார்டர் என்று அவர் கேட்பதில்லை.

மொத்தம் ஏழு அடுக்கு என்கிறது ஒரு புத்தகம். ஐந்து என்கிறது இன்னொன்று, நான்கே போதும் என்கிறது மூன்றாவது. எழுதியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஏழு என்று பிரித்தவர்கள் கடல் தாண்டிக் கமிட்டி போட்டுப் பேசிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே வருஷங்களில்தான். அவர்களில் ஒருவரும் கஸ்தூரியைக் கலந்துகொள்ளவில்லை.

[முனிரத்தினம்: டெலிபோனும் கணினி வலையமைப்பும் ஒன்றல்ல. டெலிபோனில் இருவர் பேசி முடிக்கும்வரை முழுப் பாதையும் அவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. கணினிகள் செய்தியைச் சிறு பொட்டலங்களாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்புகின்றன. உதாரணத்தை மாற்றவும்.]

அவர் சொல்வது சரிதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள் முனிரத்தினம், மழை வரட்டும்.

3

கஸ்தூரி தறிக்காரர் வீட்டுப் பெண். அப்பா மணவாளன் பட்டு நெய்கிறவர். கஸ்தூரி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பரீட்சை எழுதி, மெட்ராஸில் ட்ரெயினிங் போய், இந்தப் பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு குரல். வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று. வேலைக் குரல் அச்சடித்த தமிழில் நடுநடுவே கொஞ்சம் இங்கிலீஷ் போட்டுப் பேசும். மூச்சு விடுவதுகூடக் கேட்காது.

இந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். இதை மறைத்துப் பூடகமாக எழுத எனக்குத் தெரியும், ஆனால் எதற்கு? ஊரில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும் ஷட்டர் விழுவது அவள் கண்ணெதிரேதான். பாம்பு கடித்த ஆளுக்காக டாக்டர் ஜீப்பைக் கிளப்பியதும், மிலிட்டரியில் இருந்த மகன் அம்மாவிடம் பேசியதும் அவள் செருகிய கம்பியில். தெருப் பெண்களுக்கெல்லாம் உலகம் பஸ் ஸ்டாண்டோடு முடிந்தபோது, கஸ்தூரிக்குப் பம்பாய் வரைக்கும் குரல் தெரிந்த சிநேகிதிகள் இருந்தார்கள். முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது.

அந்த ஐப்பசியில் பெங்களூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம். மாப்பிள்ளை சுகுமார், ஏதோ ஃபேக்டரியில் வேலை. கூட அவன் அம்மா கோமளவல்லி. கேசரி, பஜ்ஜி, காபி, பாட்டுத் தெரியுமா என்ற கேள்வி, எல்லாம் ஆன பிறகு சுகுமார் வாயைத் திறந்தான்.

"டிரங்க் கால்ல பேசறதெல்லாம் உங்க காதுல விழுமா?"

"விழும். ஆனா கேக்க மாட்டேன்" என்றாள் கஸ்தூரி.

அவன் சிரித்தான். கேலி இல்லை, நல்ல பதிலைக் கேட்டவன் சிரிக்கிற சிரிப்பு. அவன் அம்மா சிரிக்கவில்லை. கஸ்தூரிக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துவிட்டது.

நெறிமுறை என்பதற்கு நான் கட்டுரையில் இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தேன். இங்கே ஒரு பத்தி போதும். இரண்டு பேர் பேசுவதற்கு முன்பே எப்படிப் பேசுவது என்று ஒத்துக்கொண்டால் அதுதான் நெறிமுறை. கதை சொல்கிறவருக்குக் கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும் என்பது ஒரு நெறிமுறை. 'ம்' வராவிட்டால் சொன்னவர், தூங்கிவிட்டாயா என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்வார். கணினிகளும் இதைத்தான் செய்கின்றன, இம்மி பிசகாமல். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கும் நெறிமுறையும் அதே கண்டிப்பு. பிடிக்கவில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்பார்கள். கடுதாசி வராது. எத்தனை நாள் வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன்பும் கஸ்தூரியைப் பார்த்த பலர் அப்படிக் கடுதாசி போடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆனால் கோமளவல்லி எழுந்துபோகும்போது கடுதாசி என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம டிரங்க் கால் போடறோம்" என்றாள்.

தெருவே குழம்பிவிட்டது. இது சரியா, இல்லையா? இந்தப் பதிலுக்கு அர்த்தம் வைத்தவர் யாரும் இல்லை. அஹமது பாட்சாவின் கடை டெலிபோனில் மணவாளன் பெயருக்கு பி.பி. கால், அதாவது குறிப்பிட்ட ஆளை வரவழைத்துப் பேசும் கால், என்று முடிவானது. தன் கல்யாணப் பேச்சைப் பெண் கேட்கக் கூடாது, அது முறையில்லை. ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிக்கு லீவு, அதனால் தோது என்று மணவாளன் நினைத்திருந்தார். ஆனால் அன்று காலை, எக்ஸ்சேஞ்சில் உடன் வேலை செய்யும் ஆண்டாளம்மாளின் குழந்தைக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாகக் கஸ்தூரி குடையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினாள். மணவாளன் அவளையும் குடையையும் பார்த்தார்.

முதலில் எழுதியது இப்படி: மணவாளன் கோபக்காரர். அவர் இருமினால் தெருவில் கோலி ஆடும் பிள்ளைகள்...

அடித்துவிட்டேன். பெண்ணின் ஆசைக்குக் குறுக்கே நிற்கும் அப்பாவை இன்னும் எத்தனை கதையில்தான் வேலைக்கு வைப்பது? மணவாளன் எப்படிப்பட்டவர் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. டெலிபோனைக் கையில் எடுக்கட்டும், பார்க்கலாம்.

5

[இது 4-க்கு முன்னால் வந்துவிட்டது. பொட்டலங்கள் வேறு வேறு வழியில் வருவதால் சில சமயம் இப்படி ஆகும். பெறுகிறவர் பதற வேண்டாம், எண்ணைப் பார்த்து ஓரமாக எடுத்து வைத்திருங்கள். 4 வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.]

"லைனில் இருக்கிறார்" என்றாள் கஸ்தூரி.

4

மழை. இப்போது பெய்யலாம்.

ஏரிக்கரை ஓரத்தில் சாய்ந்து நின்ற ஒரு கம்பத்தால் பாட்சா கடை லைன் நனைந்து சளி பிடித்துக் கிடந்தது. மணவாளன் சலவை வேட்டியோடு காலையிலிருந்து கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணி சுமாருக்குக் காஞ்சிபுரம் கூப்பிட்டது.

"பவளந்தாங்கல், பெங்களூர் பி.பி. கால். பாட்சா ஸ்டோர், மிஸ்டர் மணவாளன்."

கஸ்தூரி மணி அடித்தாள். பாட்சா எடுத்தார். அவர் எப்போதும் மூன்று ஹலோ சொல்லுவார், மூன்றும் ஒன்றைவிட ஒன்று சத்தமாக. "இந்தா மணவாளா, வாயில முட்டாம புடி. ரிசீவர் ஈரமாயிட்டா எனக்குதான் பேஜாரு" என்று கைமாற்றிவிட்டார்.

"ஸ்பீக் ஆன்" என்றாள் கஸ்தூரி வேலைக் குரலில். விதிப்படி அவள் இப்போது விலகிக்கொள்ள வேண்டும். விலகப் போனாள்.

மணவாளன் காதில் அப்பளம் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. "ஹலோ! ஒண்ணும் கேக்கலீங்களே!" என்று கத்தினார். அந்தக் கத்தல் எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிட்டது. பெங்களூரில் கோமளவல்லி, "யாருமே பேசலயே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் கேட்டது நடுவில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குத்தான்.

இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. லைன் மோசமாக இருந்தால் ஆபரேட்டரே இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்வாள். கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு வாக்கியம் வாங்க வேண்டும், அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டு அடுத்ததை வாங்க வேண்டும்.

[முனிரத்தினம்: ஓ. பொட்டலங்கள். சரி, மேலே எழுதுங்கள்.]

"நல்லா கீறாங்களான்னு கேளும்மா ஆபரேட்டர்" என்றாள் கோமளவல்லி.

"நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள்."

மணவாளனுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்ட குரல். ஆனால் டெலிபோன் என்றால் டெலிபோன். "கீறோங்க எக்ஸ்சேஞ்சு. அவங்களும் சௌக்கியமான்னு கேளுங்க" என்றார். மகளை 'நீங்க' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சௌக்கியம் போனது, வந்தது. மழையைப் பற்றி ஒரு பொட்டலம். அப்புறம் கோமளவல்லி தொண்டையைக் கனைத்தாள்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிக்கீது. பையனுக்கும் புடிச்சிக்கீது."

கஸ்தூரி மைக்கை வாய்க்கருகே இழுத்தாள். "பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளைக்கும்..."

"அந்த ரெண்டாவது வரலீங்க. ரிபீட்டு" என்றார் மணவாளன்.

"மாப்பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது."

"இன்னொரு தபா."

"பிடித்திருக்கிறது!" என்றாள் கஸ்தூரி, வேலைக் குரல் கொஞ்சம் உடைந்து. பின்னாலிருந்து பாட்சா சிரிப்பது நனைந்த கம்பி வழியாகவும் கேட்டது. "இன்னாப்பா மணவாளா, எனக்கே கேட்டுச்சு, உனக்குக் கேக்கலயா?"

இந்த மனிதரை நான் இருமவைக்கப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றாள் கோமளவல்லி. "பொண்ணு வேலைய வுட்டுடணும். ஷிப்டு டூட்டி, கண்டவன் பேச்ச காதுல வாங்கிக்கினு குந்திக்கினு கீற வேல, அது நம்ம வூட்டுக்கு ஆவாது. சரின்னா இப்பவே சொல்லச் சொல்லு, தையில நாள் பாத்துடலாம். அதான் கடுதாசின்னு சொல்லாம போன் போட்டேன்."

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் கஸ்தூரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கையில் ஒரு பொட்டலம் இருக்கிறது. அதில் அவள் விரும்பும் ஆளும் அவள் விரும்பும் வேலையும் இருக்கின்றன, ஒன்றை எடுத்தால் இன்னொன்று கிடையாது. கணினி வலையமைப்பில் அனுப்புகிறவர் பொட்டலத்தின் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை எழுதி வைப்பார். பெறுகிறவர் மறுபடி கூட்டிப் பார்ப்பார். நடுவில் ஏதாவது மாறியிருந்தால் கணக்கு உதைக்கும், பொட்டலம் குப்பைக்குப் போகும். மனிதர் பேச்சில் அந்தக் கூட்டுத்தொகை கிடையாது. 'விட்டுடணும்' என்பதை 'விட வேண்டாம்' என்று மாற்றிச் சொன்னால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. தை மாதம் மணவறையில்தான் தெரியும்.

இன்னொரு வழி. கம்பியைப் பிடுங்கிவிடலாம், பழியை மழைமேல் போடலாம். உண்மையைச் சொன்னால் நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்: 'டொக் என்று ஒரு சத்தம். லைன் செத்துவிட்டது.' ஆனால் அது கஸ்தூரியின் முடிவு இல்லை, எழுதத் தெரியாதவன் செய்கிற முடிவு. அடித்துவிட்டேன்.

அவள் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"பெண் வேலையை விட்டுவிட வேண்டும். ஷிஃப்ட் டூட்டி, கண்டவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. அது அவர்கள் வீட்டுக்கு ஆகாது. சம்மதம் என்றால் இப்போதே சொல்லச் சொல்கிறார்கள். தை மாதம் நாள் பார்க்கலாம். அதனால்தான் கடிதம் என்று சொல்லாமல் போன் போட்டார்களாம். வந்துவிட்டதா?"

மணவாளன் பக்கத்தில் பொரியும் சத்தம் மட்டும்.

"பாட்சா ஸ்டோர், வந்துவிட்டதா?"

"வந்துச்சிங்க." அப்புறம் மெதுவாக, "எக்ஸ்சேஞ்சு, நீங்க இன்னா சொல்றீங்க?"

ட்ரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தது அந்த நேரத்தில் கைகொடுத்தது. "எக்ஸ்சேஞ்சுக்கு அபிப்பிராயம் கிடையாதுங்க."

"அது தெரியும். எக்ஸ்சேஞ்சுக்கு வேணாம். எம் பொண்ணுக்கு இன்னா அபிப்பிராயம்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்க. நேர்ல கேட்டா அது எனக்கு ஏத்தா மாதிரிதான் சொல்லும். நீங்க கேட்டா நெசத்த சொல்லும்."

[முனிரத்தினம்: இது எந்த அடுக்கு என்று எனக்குத் தெரியவில்லை.]

எனக்கும்தான்.

கஸ்தூரி ஹெட்செட்டின் மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. பலகையில் ரைஸ்மில் ஷட்டர் 'டக்' என்று விழுந்தது. அனிச்சையாகக் கை அதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போனால் நாளைக்கு அவளுக்கு ஒரு கால் பேச வேண்டுமென்றால் இன்னொருத்தி கம்பி செருக வேண்டும். அவள் மைக்கை மூடியிருந்த கையை எடுத்தாள்.

"உங்கள் பெண்ணிடம் கேட்டேன்" என்றாள், முழு வேலைக் குரலில். "மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்கிறார். வேலையை விடமாட்டேன் என்கிறார். பெங்களூருக்கு மாற்றல் கேட்கலாம், கிடைக்கத் தாமதமாகும், ஆனால் விடமாட்டேன் என்கிறார்."

"அப்பிடியா சொல்லிச்சு?"

"அப்படித்தான்."

"அப்ப அதையே அவங்ககிட்ட சொல்லிடுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது. நான் மழுப்பி எதுனா சொன்னாகூட நீங்க சொல்லாதீங்க."

அவள் பலகையில் இருந்த பேச்சுச் சாவியைப் பெங்களூர் பக்கம் தள்ளினாள். மணவாளனின் மகள் சொன்னதைக் கோமளவல்லியிடம் சொன்னாள்.

"இத யாரு சொல்றது? அப்பனா, பொண்ணா?" என்று கேட்டாள் கோமளவல்லி.

நியாயமான கேள்வி. எந்தப் பொட்டலத்திலும் அனுப்பியவர் விலாசம் என்று ஓர் இடம் உண்டு, அதை நிரப்பியே ஆக வேண்டும்.

"பெண்."

"பொண்ணா? பொண்ணு எங்க கீது? கடையிலயா குந்திக்கினு கீது?"

[ஓரமாக வைத்த 5-ஐ இப்போது எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

6

பெங்களூரிலிருந்து வந்தது ஒரு பெருமூச்சா, மழை இரைச்சலா என்று கஸ்தூரிக்குப் புரியவில்லை. அப்புறம் கோமளவல்லியின் குரல், இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில் வந்த மாதிரி.

"ஆபரேட்டர், நீதானாம்மா அது?"

டூட்டியில் ஆபரேட்டர் பெயர் சொல்லக் கூடாது.

"நான் சொன்னத பூரா நீதான் உங்கப்பன்கிட்ட சொன்னியா? கண்டவன் பேச்சுன்னு சொன்னனே, அதையுமா?"

"ஆமாங்க."

"இரு. புள்ளையாண்ட கேட்டு சொல்றேன். வெச்சிடாத."

ரிசீவரை மரத்தின்மேல் வைத்த சத்தம். தூரத்தில் ஏதோ பேச்சு, கோமளவல்லியுடையது நீளமாக, இன்னொருவருடையது குட்டையாக. காதில் விழுந்தது. கஸ்தூரி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள்.

காஞ்சிபுரத்து ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். "பவளந்தாங்கல், டைம் ஓவர். டிரங்க்குக்கு க்யூ நிக்குது. கட் பண்ணட்டுமா?"

"இரு அக்கா, கொஞ்சம் இரு" என்றாள் கஸ்தூரி. வீட்டுக் குரல். பலகைக்கு முன்னால் அந்தக் குரல் அன்றுதான் வெளியே வந்தது. "பேசிக்கினு கீறாங்க."

அந்த நிமிஷம் அந்த லைனில் ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. காஞ்சிபுரத்துக்கும் அது தெரியும். அவள், "ம்" என்றாள். கட் பண்ணாமல் விலகிக்கொண்டாள்.

யாரோ நடந்து வரும் சத்தம். செருப்பா, வெறுங்காலா, தெரியவில்லை. ரிசீவர் மரத்திலிருந்து எழுந்தது.

7

ஏழாவது அடுக்கு வந்துவிட்டது, இதற்குமேல் அடுக்கு கிடையாது. ஆகவே முடிவு.

நான் நான்கு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுகுமார், "மாற்றல் கெடைக்கிற வரைக்கும் நான் காத்துக்கினு இருக்கேன்" என்கிறான். அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனாலேயே சந்தேகமும் வந்தது. இரண்டாவதில் கோமளவல்லி, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்கிறாள். ஊரில் இருந்துகொண்டே! அவள் அவ்வளவு மோசம் இல்லை என்று பட்டது. டெலிபோன் போட்டு நேராகக் கேட்டவள் அவள். மூன்றாவதில் மகனிடம் கொடுக்காமல் அவளே பேசுகிறாள், "கண்டவன் பேச்சுன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று. மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்த மூன்றாவதுதான் நெசம் என்று ராத்திரி தோன்றும், காலையில் தோன்றாது. நான்காவதைச் சொல்ல மாட்டேன், அதில் மணவாளன் அழுகிறார்.

எதையும் தேர்ந்தெடுக்காமல் இதழுக்கு அனுப்பிவைத்தேன். நான்கு பக்கக் கட்டுரை கேட்டவர்களுக்கு இது. திருப்பி அனுப்பிவிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது கடைசிப் பக்கத்து ஓரத்தில் இருந்தது.

[முனிரத்தினம்: பிழைகள் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் வந்தது?]

அவருக்கு நான் என்ன சொல்வது? எழுதுகிறவன் கம்பிதான். அவள் பேசியதை ஒரு எழுத்து மாறாமல் உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். மணவாளன் கேட்டாரே, அதே கேள்வியை இப்போது நீங்கள் என்னிடம் கேட்டால், எனக்கும் அபிப்பிராயம் கிடையாது.

ரிசீவர் உங்கள் கையில் இருக்கிறது. இந்தக் கோடியில் ஒருத்தி வேலைக் குரலை எடுத்து வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் க்யூ நிற்கிறது, காஞ்சிபுரம் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். சரி என்றாலும் இல்லை என்றாலும் நேராகச் சொல்லிவிடுங்கள், கடுதாசி மட்டும் வேண்டாம்.

சொல்லுங்கள். என் காதில் விழும், ஆனால் கேட்க மாட்டேன்.